கொலுசுக் கழிவு

சோற்று வேளையில் ஒரு குழந்தைகூட அழுவதில்லை என்று மேட்டுப்பாதை அங்கன்வாடிக்கு நல்ல பெயர். இருபத்திரண்டு குழந்தைகளும் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரும். ஆயா பூங்கொடி சாம்பார் சாதத்தை ஒரே அளவாக வைத்துக்கொண்டே போவாள். இன்னும் கொஞ்சம் என்று யாரும் கேட்பதில்லை, அடுத்த தட்டில் கைவைப்பதில்லை, முட்டைக்குச் சண்டை இல்லை. பார்வையிட வந்த வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்க்கும் மோனிஷா டீச்சருக்கு மட்டும் அந்த நேரம் பிடிக்காது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை என்றால் எங்கோ ஏதோ விபரீதம் நடக்கிறது என்பது பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும்.

அங்கே கடைசியாக அழுத குழந்தை நறுமுகை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் அம்மா தாரணி கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு மூன்றரை வயது. தாரணி குடும்பம் பக்கத்து மாநிலத்தில் இஞ்சிக்காட்டு வேலைக்குப் போய்விட்டு ஒட்டன்சத்திரம் திரும்பியிருந்தது. அந்த மாநிலத்தில் அப்போது கயிற்றுச் சட்டம் வரவில்லை. அதனால் நறுமுகை இடுப்பில் வெறும் கறுப்பு அரைஞாண் கயிற்றோடு வந்தாள். ஓங்குதாங்கான பிள்ளை, பதினாறரை கிலோ. முதல் நாளே, சாதம் வரத் தாமதமானதற்குத் தட்டைத் தரையில் அடித்து ஊரைக் கூட்டிவிட்டாள். பூங்கொடி கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முகம் மாறி, "ஒரு பிள்ளை சோத்துக்கு அழுது எத்தன நாளாச்சுங்க டீச்சர்" என்றாள்.

விதிப்படி அந்த வாரமே மோனிஷா அவளுக்குத் தளிர்க்கயிறு கட்டினாள். இப்போது அவள் எடை பன்னிரண்டு கிலோ எண்ணூறு. முடி நுனியில் செம்பட்டை ஏறியிருந்தது. சறுக்குமரத்தின் படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள். தட்டில் இருக்கும் சோற்றை யார் வீட்டுச் சாமானோ என்பது போலப் பார்த்தாள். ஆனால் தராசில் ஏற்றி நிறுத்தினால், "நறுமுகை, பச்சை, வாழ்த்துகள்" என்று தராசு தேன் குரலில் சொன்னது.

கயிறு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு முந்தைய முப்பது வருஷத்தைச் சர்க்கரைக் காலம் என்றே மக்கள் சொல்வார்கள். நாலு வயசுப் பிள்ளை மதியச் சாப்பாட்டுப் பையில் இன்சுலின் ஊசியோடு போன காலம் அது. ஐந்து வயசில் ஈரல் வீங்கிய பிள்ளைகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கலாம். அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. இனிப்புத் தண்ணீருக்கு வரி போட்டது, கம்பெனிக்காரர்கள் பாட்டிலைச் சின்னதாக்கினார்கள். அங்கன்வாடிக்கு இருநூறு மீட்டருக்குள் பொட்டலத் தீனி விற்கக் கூடாது என்றது, கடைகள் இருநூற்றோராவது மீட்டரில் முளைத்தன. தெருவுக்கு ஒரு விளையாட்டுத்திடல் என்றது. மேட்டுப்பாதைத் திடலுக்கு நாலு மூலையில் கல் நட்டார்கள். அடுத்த தேர்தலுக்குள் அங்கே காய்கறிக் குளிர்கிடங்கு எழும்பிவிட்டது. தெருவைத் திருத்த முடியாது என்று ஆனதும் பிள்ளையைத் திருத்தலாம் என்ற யோசனை வந்தது. ஒரு ஊஞ்சல் போடுகிற செலவில் நாற்பது கயிறு செய்யலாமாம்.

பார்க்க அது சாதாரண அரைஞாண் கயிறுதான். உள்ளே மயிரிழைக் கம்பிகள். இடுப்புச் சுற்றளவை, மூச்சை, ஓட்டத்தை எல்லாம் அது அளக்கும். தொப்புளுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பில் ஒரு சின்னத் துடிப்பைக் கொடுக்கும், பசி அடங்கிவிடும். எவ்வளவு அடக்க வேண்டும் என்பதை அங்கன்வாடித் தராசு சொல்லும்: பிள்ளையின் எடை 'அளவு' என்று அரசு குறித்த எண்ணைத் தாண்டினால் துடிப்பு கூடும், இறங்கினால் குறையும். முதல் பிறந்தநாளிலிருந்து ஆறு வயது முடிய எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம். அதைக் கைவளையாகவோ கழுத்துச் சங்கிலியாகவோ செய்யாமல் அரைஞாணாகச் செய்தவன் நம் பெண்களை நன்றாக அறிந்தவன். அரைஞாணை அறுப்பது செத்த பிள்ளைக்குத்தான். எந்த அம்மா அதில் கத்தரிக்கோலை வைப்பாள்?

அந்த ஆனி மாதம் மாவட்டத் திட்ட அலுவலர் இம்மானுவேல் ஒரு பித்தளைப் பலகையோடு வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களையும் 'நீங்க' என்று பேசுகிற மனிதர். பலகையில் 'அளவு பிறந்த மையம்' என்று பொறித்திருந்தது. வாசலில் அதை மாட்டி, குழந்தைகளைக் கைதட்டச் சொல்லி, கேசரியை ஆளுக்கு அரைக் கரண்டியோடு முடித்ததும், மோனிஷாவுக்கு அந்தப் பெயரின் அர்த்தம் புரியவில்லை என்று தெரிந்து அவரே விளக்கினார்.

"அளவு எங்க இருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க டீச்சர்? நானூறு மையத்துப் பழைய எடையெல்லாம் மெஷினுக்குக் காட்டினோம். எல்லாம் ஏறுக்கு மாறு, எழுதினவங்க மனசுபோல. உங்க மையம் ஒண்ணுதான் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. ஆறு வருஷம், நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. இன்னைக்கு வரைக்கும் அதுல ஒருத்தருக்கும் சர்க்கரை கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. அப்ப நல்லா இருக்கிற பிள்ளையோட எடை இதுதான்னு மெஷின் கத்துக்கிச்சு. இப்ப ஒன்பது மாநிலத்துல இதான் அளவு."

மோனிஷா அவசரமாகக் குறுக்கிட்டாள். கழிவுக் கட்டத்தையும் சேர்த்துத்தானே எடுத்தீர்கள் என்று கேட்டாள். எந்தக் கட்டம் என்று அவர் கேட்டார். ஆடை, ஆபரணக் கழிவு என்றாள். அது பழைய செயலியோடு போய்விட்டது, கடைசி எடையை மட்டும்தான் எடுத்தோம் என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறிப் போனார்.

அந்தக் கழிவின் கதை இது. கயிறு வருவதற்கு முன்னால் 'சிவப்புச் சட்டம்' இருந்தது. எடை கூடிய பிள்ளை சிவப்பு. சிவப்பானால் அந்த வீட்டுக்கு ரேஷனில் சர்க்கரையும் எண்ணெயும் நிற்கும். அம்மா சனிக்கிழமைதோறும் வேலையை விட்டு வகுப்புக்குப் போக வேண்டும். மூன்று தடவை சிவப்பானால் பிள்ளையை மூன்று மாதம் வளர்நலக் காப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். நிதின் என்று ஒரு பையனை அப்படிக் கொண்டுபோனார்கள். நாலு வயசு, கன்னம் இரண்டும் பன்னு. மூன்று மாதம் கழித்து மெலிந்து திரும்பி வந்தவனைத் தூக்க அவன் அம்மா கையை நீட்டினாள். அவன் போகவில்லை, போகலாமா என்று கூட வந்த நர்சின் முகத்தைப் பார்த்தான். அதைப் பார்த்த மோனிஷா அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள்.

அப்போது தராசு பேசாது, எடையை அவளேதான் செயலியில் எழுத வேண்டும். கொலுசையும் காப்பையும் கழற்ற மாட்டோம் என்று அம்மாக்கள் அடம்பிடிப்பதால், அதற்குக் கழிக்க ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். கால் கிலோ, அரைக் கிலோ கழிக்கலாம். மோனிஷாவின் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் எடைபோட்டவர்; சாக்குக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு, அழுகலுக்கு இவ்வளவு என்று கழிவு போடுகிற வித்தை அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். முதலில் குண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று கிலோ கழித்தாள். 'திடீர்ச் சரிவு, விளக்கம் தேவை' என்று செயலி கத்தியது. ஒருத்தருக்குக் கழித்தால்தானே கேள்வி, எல்லாருக்கும் கழித்தால் அது வழக்கமாகிவிடும் என்று அடுத்த மாதத்திலிருந்து நாலு வயசுப் பிள்ளைகள் எல்லாருக்கும் மூன்று கிலோ, இரண்டு வயசுக்கு இரண்டு கிலோ என்று சீராகக் கழித்தாள். வெள்ளிக் கொலுசு மூன்று கிலோ இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் அம்மாளுக்கும் தன் வட்டாரத்தில் சிவப்பே இல்லை என்பது வசதிதான். முழுப் பூசணிக்காயை ஆறு வருஷம் சோற்றில் மறைத்தாள் மோனிஷா.

அந்தப் பிள்ளைகள் நன்றாக இருந்ததற்கு எடை காரணமே இல்லை. தினமும் மத்தியானம் சந்தை காலியான பிறகு, அவர்களைச் சரக்கு இறக்கும் மேடைக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் ஓட விடுவாள். மிச்சம் கிடக்கும் கேரட்டையும் வெள்ளரியையும் வியாபாரிகள் சும்மா கொடுப்பார்கள். கயிறு வந்த பிறகு, அங்கன்வாடி வளாகத்தை விட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

பலகை மாட்டிய அன்று நாலேகாலுக்கு அவள் மகள் இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு, பள்ளிக் கபடி அணியில் பிடிகாரி. கயிறு வருவதற்கு முன்னால் ஆறு வயதைத் தாண்டிவிட்டதால் தப்பித்தவள். அவள் வருவது தெருமுனையிலேயே தெரியும். "அம்மா, பசி உயிர் போகுது" என்று கத்திக்கொண்டே படியேறுவாள். பை ஒரு மூலையில் விழும், செருப்பு இரண்டும் இரண்டு திசையில் பறக்கும். நாலு தோசையைத் தின்றுவிட்டு, சட்னிக் கிண்ணத்தை விரலால் வழித்துவிட்டுத்தான் பேச்சே வரும். பிசாசே, மெதுவாத் தின்னு என்று மோனிஷா தினமும் திட்டுவாள். அன்றைக்குத் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்று மகள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைப் புருஷன் செல்வத்திடம் சொன்னபோது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே என்றான். அரசாங்கக் கணக்கைத் திருத்தியது வெளியே தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். ஊருக்கே கட்டியிருக்கிற கயிற்றை நீ ஒருத்தி அவிழ்க்கப் போகிறாயா என்று கேட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மோனிஷா மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வாரத்துக்காக அவள் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

நாலாவது வாரத் திங்கட்கிழமை நறுமுகை சறுக்குமரத்தடியில் சுருண்டு விழுந்தாள். தூக்கினால் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். மோனிஷாவும் தாரணியும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இளம் டாக்டர் கயிற்றின் பதிவைத் திரையில் பார்த்தார். வந்த புதிதில் சிவப்பு, பிறகு மஞ்சள், அதற்கப்புறம் எல்லாம் பச்சை. ஊட்டச்சத்தில் குறை எதுவும் இல்லை, வெயிலாக இருக்கும் என்றார். பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று மோனிஷா கேட்டதற்கு, உங்கள் கண் பழைய கண், குண்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியது என்று சிரித்தார். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, சலுகையாகப் பத்து நாள் 'காய்ச்சல் தளர்வு' எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கயிறு துடிக்காது.

வெளியே வந்ததும் தாரணி மெல்லக் கேட்டாள். "டீச்சர், நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இஞ்சிக்காட்டுல எம்புள்ளைக்கு எவ்வளவு சோறு வச்சாலும் பத்தாதுங்க, கேட்டுக் கேட்டு அழும். இங்க சோறு இருக்கு, கேக்க மாட்டேங்குது. நான் ஊருக்கு வந்தது தப்புங்களா?"

மோனிஷா பிள்ளையைத் தாரணி தோளில் சாய்த்துவிட்டு, அங்கிருந்தே இம்மானுவேலுக்குப் போன் செய்து, நேரில் வாருங்கள், ஒன்று காட்ட வேண்டும் என்றாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். மோனிஷா அவரைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய், பருப்பு டின்களை நகர்த்தினாள். பின்னால் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் வரிசை வரிசையாகப் பெயர்கள், தேதிகள், எடைகள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் நிஜ எடை. கழிவை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குனிந்து ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கையிலிருந்த திரையில் அதே பெயரைத் தேடி எண்ணை ஒத்துப்பார்த்தார். பத்துப் பெயருக்கு மேல் ஒத்துப்பார்க்கவில்லை, சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் இத அழிக்காம வச்சிருந்தீங்க?" என்றார்.

"எங்கப்பா சந்தையில எடைபோட்டவருங்க சார். வெளிய என்ன சொன்னாலும், நெச எடைய ஒரு இடத்துல எழுதி வைக்கணும், இல்லாட்டி நமக்கே மறந்துரும்பாரு."

அவள் கேட்காமலே அவர் தன் கதையைச் சொன்னார். சர்க்கரைக் காலத்தில் அவருடைய தம்பிக்கு நாலு வயசில் நோய் வந்தது, பத்தொன்பதில் ஒரு காலை எடுத்தார்கள், இருபத்திரண்டில் அடக்கம் செய்தார்கள். கயிறு என்று ஒன்று வந்தபோது அதைக் கும்பிடாத குறையாக நம்பியவர் அவர். இன்னொரு வீட்டில் அப்படி ஒரு சவப்பெட்டி வேண்டாம் என்றுதான் இரவு பகலாக வேலை பார்த்தாராம்.

"கயித்த நான் குத்தம் சொல்லல சார்," என்றாள் மோனிஷா. "அளவுதான் தப்பு. அது என்னோட தப்பு. எனக்கு வேலை போனா போகட்டும், கேஸ் போடுங்க. அந்த மூணு கிலோவ மட்டும் பிள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

"குடுத்துரலாம் டீச்சர்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மனசாரச் சொன்ன வார்த்தைதான் அது, இன்றைக்கும் மோனிஷா அதைச் சந்தேகப்படுவதில்லை. அவர் சுவரைப் படம் எடுத்துக்கொண்டார். அவள் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு, பல வருஷமாகத் தலையில் இருந்த சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது.

அடுத்து வந்த நாட்கள் கொஞ்சம் நல்ல நாட்களாகவே இருந்தன. தளர்வு கிடைத்த எட்டாவது நாள் மதியம், பூங்கொடி சாதம் வைத்துக்கொண்டு வரும்போது வரிசையின் கடைசியில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. நறுமுகை தட்டைத் தரையில் அடித்தாள். உதடு கோணி, கண்ணில் நீர் முட்டி, "எனக்கு, எனக்கு" என்று வீறிட்டாள். மற்ற இருபத்தொரு பிள்ளைகளும் திரும்பி, ஏதோ புது மிருகம் வந்துவிட்டது போல அவளைப் பயந்து பார்த்தார்கள். ஒரு பொடியன் காதைப் பொத்திக்கொண்டான். பூங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாள். பத்தாம் நாள் நறுமுகையின் எடை எழுநூறு கிராம் ஏறியிருந்தது. தராசு "மஞ்சள், கவனம் தேவை" என்றது. பதினோராம் நாள் கயிறு பழையபடி துடிக்கத் தொடங்கியது, விட்டதையும் சேர்த்துப் பிடிப்பது போலக் கூடுதலாகவே. பன்னிரண்டாம் நாள் சோற்று வேளையில் மறுபடி சத்தமில்லை.

இன்னும் கொஞ்ச நாள்தான் சாமி என்று மோனிஷா நறுமுகையின் காதில் சொல்லிக்கொண்டே ஊட்டினாள். புது அளவு வந்துவிடும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்குமூலம் கொடுத்த நாற்பதாம் நாள் இம்மானுவேல் வந்தார். காரிலிருந்து டிரைவர் இரண்டு அட்டைப்பெட்டிகளை இறக்கினான். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அளவை மாற்ற முடியாது என்றார். அது அரசிதழில் வந்துவிட்டது, ஒன்பது மாநிலங்கள் சட்டமாக்கிவிட்டன, உலக நாடுகள் மாநாட்டில் பாராட்டு வாங்கியாகிவிட்டது. மாற்றுவது பற்றி யோசிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அறிக்கை தர அதற்கு ஐந்து வருஷம். அவள்மேல் வழக்கு இல்லை. வழக்கு என்று வந்தால் அளவு எப்படி வந்தது என்று கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும். வேலையும் போகவில்லை, பித்தளைப் பலகையும் அப்படியே இருக்கும்.

"அப்ப இந்தப் பெட்டி?" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்க சுவத்து எடையத் துறை ஏத்துக்கிச்சு டீச்சர். நூத்திப் பன்னெண்டு பேர் பதிவையும் திருத்திட்டாங்க. திருத்தின எடைய இப்ப இருக்கிற அளவோட வச்சுப் பாத்தா, எல்லாருமே சிவப்பு. சின்ன வயசுல கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காம விடுபட்டவங்கன்னு வகை பிரிச்சிருக்காங்க. அவங்களுக்குப் பதினஞ்சு வயசு வரைக்கும் கயிறு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதை மோனிஷா அன்று கண்ணால் பார்த்தாள். அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் சர்க்கரை இல்லை என்று நீங்கள்தானே இதே வாசலில் நின்று சொன்னீர்கள் என்று கேட்டாள். குரல் உயரவில்லை, உயர்த்தத் தெம்பில்லை.

"சொன்னேன். நோய் 'இல்லை'ன்னு இருந்த இடத்துல, 'இன்னும் வரவில்லை'ன்னு மாத்தி எழுதிட்டாங்க."

பெட்டியின் மேல் பட்டியல் ஒட்டியிருந்தது. அவளுடைய சுவரில் இருந்த அதே வரிசை. ஐம்பத்தெட்டாவது பெயர் இலக்கியா, தாய் பெயர் மோனிஷா, நாலாவது வயதில் நிஜ எடை பதினாறு கிலோ இருநூறு. அந்த எண்ணை அவள் எழுதிய நாள்கூட நினைவிருந்தது. மகளைத் தராசிலிருந்து இறக்கி, கன்னத்தைக் கடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுதினாள்.

கட்ட மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். விதி பழைய விதிதான் என்றார் அவர். காப்பகம், இந்த வயதுக்கு ஆறு மாதம். சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் போலவும் இருந்தது, அவள் கட்டுகிறாளா என்று பார்க்க அனுப்பப்பட்டவர் போலவும் இருந்தது. மோனிஷாவுக்கு நிதினின் முகம் வந்து போனது, கை நீட்டிய அம்மாவை விட்டுவிட்டு நர்சைப் பார்த்த முகம். அப்படி ஒரு நாள் தன் வாசலில் வேண்டாம் என்று பெட்டியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கவைத்து, சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, மகள் இடுப்பில் அதைக் கட்டினாள். கொஞ்சம் தளர்வாகவே கட்டிப் பார்த்தாள். கயிறு தானே சுருங்கிச் சரியான இடத்தில் உட்கார்ந்துகொண்டது. "கூசுதும்மா," என்று இலக்கியா நெளிந்து சிரித்தாள். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே இது, எனக்கு ஏன் என்று கேட்டாள். செல்வம் எழுந்து வெளியே போய்விட்டான். அம்மா செய்த ஒரு தப்பு என்று மட்டும் சொன்னாள் மோனிஷா. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

திங்கள், செவ்வாய் ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை மாலை மோனிஷா அடுப்பில் கல்லைப் போட்டு, மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள். நாலேகால் ஆயிற்று. தெருமுனையில் சத்தம் இல்லை. படியில் நடந்து வருகிற சத்தம் கேட்டது. பை ஆணியில் மாட்டப்படும் சத்தம் கேட்டது. செருப்புகளை ஜோடியாக ஓரத்தில் விடுகிற சத்தமும் கேட்டது. மோனிஷா திரும்பவில்லை, கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

இலக்கியா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அம்மாவின் முதுகைப் பார்த்தாள். கல்லில் ஒரு தோசை ஓரம் கருகிக்கொண்டிருந்தது, அம்மா அதைத் திருப்பிப் போடவில்லை. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அம்மா, பசிக்குதும்மா," என்றாள்.

கத்தவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். மோனிஷா தோசையைத் தட்டில் வைத்தாள். மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓரத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் வெகுநேரம் மென்றாள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தாள். நல்லா இருக்கும்மா என்று இரண்டு தடவை சொன்னாள். சட்னிக் கிண்ணம் அப்படியே இருந்தது.

மோனிஷாவுக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருஷம் அவளே இப்படித்தான் எழுதினாள், யாரும் கலங்கக் கூடாது என்று, பார்க்கிறவர்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்களோ அந்த எண்ணை. அந்த வித்தையை மகளுக்கு அவள் ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"இன்னொன்னு வைக்கட்டுமா சாமி?" என்றாள்.

இலக்கியா தட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"வைம்மா," என்றாள்.